13 அங்குல ஐபேட் புரோ மடிக்கணினிக்கு மாற்றாகுமா?

ஆப்பிள் நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட 13 அங்குல ஐபேட் புரோவை, அதற்கென்றே செய்யப்பட்ட மேஜிக் கீபோர்டுடனும் பென்சிலுடனும் சேர்த்துப் பல மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். நூல்களைச் செம்மையாக்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும் (அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவதும்) என் வேலை. ஆகவே இந்த மதிப்பீடு நாள் முழுவதும் எழுத்தோடு புழங்குகிற ஒருவருடையது. நிரல் எழுதுவோரும் திரைப்படத் தொகுப்பாளர்களும் வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.

வன்பொருளின் வலிமையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இந்தக் கருவியில் உள்ள எம்4 சிப், ஆப்பிளின் மடிக்கணினிகளுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஐபேடுக்கு வந்துவிட்டது. 5.1 மில்லிமீட்டர் தடிமனும் 579 கிராம் எடையும் கொண்ட ஒரு பலகைக்குள் இவ்வளவு வேகத்தை அடைத்திருப்பது வியப்புக்குரியதுதான் என்றாலும், மடிக்கணினியை ஒதுக்கிவைக்க நினைப்பவருக்கு வேகம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அந்த வேகத்தைக் கொண்டு எதைச் செய்ய அனுமதிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் இதன் உண்மையான பெருமையைச் சொல்லிவிடுகிறேன். திரை ஏறத்தாழ 4:3 என்ற விகிதத்தில் அமைந்திருப்பதால், நெடுக்காகப் பிடித்தால் ஓர் ஏ4 பக்கம் அதன் இயல்பான அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குத் தெரிகிறது. ஏ4 தாளில் ஏறத்தாழப் பாதியான டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கமோ சிறிதும் சுருங்காமல், அச்சில் எப்படி வருமோ அப்படியே நிற்கிறது. ஆப்பிளின் மடிக்கணினியான 13 அங்குல மேக்புக் ஏரின் அகலத் திரையில் அதே ஏ4 பக்கத்தை முழுதாகப் பார்க்க விரும்பினால் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இது சின்ன வேறுபாடு அன்று. ஒற்று விடுபட்ட இடம், பத்தியின் கடைசி வரியில் தனித்து நிற்கும் ஒற்றை எழுத்து, பக்கத் தலைப்பில் மாறிப்போன இயல் பெயர் போன்ற பிழைகள் எல்லாம் பக்கத்தை ஒரே பார்வையில் காணும்போதுதான் கண்ணில் படுகின்றன. பென்சிலால் ஓரத்தில் குறியிட்டு, அந்த பிடிஎஃப் கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். காகிதத்தில் சிவப்பு மையால் திருத்திய பழக்கம் உள்ளவர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இந்த ஒரு வேலையில் என் மடிக்கணினி இதன் அருகில்கூட வர முடியாது.

தட்டச்சு செய்வதிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகை முறைகள் ஐபேடில் உள்ளபடியே இருக்கின்றன; ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற ஒரு விசையைத் தட்டினால் போதும். 2024இல் புதுப்பிக்கப்பட்ட மேஜிக் கீபோர்டின் விசைகள் மேக்புக்கின் விசைகளைப் போலவே நன்றாக அழுந்துகின்றன, தொடுதளமும் தாராளமாக இருக்கிறது. மேசையில் வைத்து எழுதும்போது இது டேப்லெட் என்பதே மறந்துவிடும். மடியில் வைத்தால் நினைவுக்கு வந்துவிடும், ஏனென்றால் ஐபேடின் எடை முழுவதும் மேற்பகுதியில் இருப்பதால் சற்றே பின்புறம் சாயப் பார்க்கிறது. ஐபேடையும் விசைப்பலகையையும் சேர்த்துப் பையில் போட்டால் எடை, 1.24 கிலோ கொண்ட மேக்புக் ஏருக்கு நிகராக வந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும்.

தடுமாற்றம் தொடங்குவது பிறர் அனுப்பும் கோப்புகளில். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்ட போதிலும், பதிப்புத் துறையில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். விண்டோஸிலோ மேக்கிலோ எழுத்துருவை இருமுறை சொடுக்கி நிறுவிவிடலாம். ஐபேடில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு செயலியின் வழியாகத்தான் நிறுவ வேண்டியிருக்கும். நிறுவிய பிறகும் எல்லாச் செயலிகளும் அதை ஏற்பதில்லை. பக்க வடிவமைப்புக்குப் பயன்படும் இன்டிசைனுக்கு ஐபேட் பதிப்பே கிடையாது. எனவே மெய்ப்பை இங்கே எவ்வளவு நேர்த்தியாகத் திருத்தினாலும், அந்தத் திருத்தங்களைப் பக்கத்தில் ஏற்ற இன்னொரு கணினியும் பெரும்பாலும் இன்னொரு ஆளும் தேவை.

அலுவலக வேலைகளிலும் இதே கதைதான். ஐபேடுக்கான எக்செல், திரும்பத் திரும்ப வரும் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோக்களை இயக்காது. ஜிஎஸ்டி கணக்கிலோ நிறுவனப் பதிவிலோ யுஎஸ்பி டோக்கன் (கையொப்பச் சான்றிதழ் அடங்கிய சிறு கருவி) வழியாக எண்மக் கையொப்பம் இட வேண்டியவர்கள், அந்த டோக்கனுக்கான மென்பொருள் கணினியில்தான் இயங்கும் என்பதால் ஐபேடை நினைத்தும் பார்க்க வேண்டாம். கணக்கு மென்பொருளான டேலியும் அவ்வாறே. மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் ஒரு விதியும் விந்தையானது: 10.1 அங்குலத்துக்கு உட்பட்ட திரைகளில் வேர்டு கோப்புகளை இலவசமாகத் திருத்தலாம், அதைவிடப் பெரிய திரை என்றால் சந்தா கட்டியாக வேண்டும். பெரிய டேப்லெட் வாங்கியதற்கு அபராதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 என்ற இயங்குதளப் பதிப்பு நிலைமையைப் பெருமளவு சீராக்கியது. சாளரங்களை விரும்பிய அளவில் விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்; திரையின் மேலே மேக்கில் இருப்பது போன்ற பட்டிப்பட்டை (மெனு பார்) வந்திருக்கிறது; பெரிய காணொளியை ஏற்றுமதி செய்வது போன்ற நீண்ட வேலைகள் பின்னணியில் ஓடும்; பிடிஎஃப் கோப்புகளுக்கென மேக்கின் பிரிவியூ செயலியும் வந்துவிட்டது. மூல நூலையும் மொழிபெயர்ப்பையும் அகராதியையும் ஒருங்கே திறந்துவைத்து வேலை செய்வது இப்போது இயல்பாகிவிட்டது. முந்தைய பதிப்புகளில் மல்லுக்கட்டிச் சலித்துப்போனவர்கள் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். ஆனால் இயங்குதளம் எவ்வளவு மாறினாலும், இல்லாத மென்பொருளை அது கொண்டுவந்து தராது.

விலையைப் பார்ப்போம். இந்தியாவில் அறிமுகமானபோது 256 ஜிபி சேமிப்பு கொண்ட 13 அங்குல ஐபேட் புரோ 1,29,900 ரூபாய். விசைப்பலகை 33,900, பென்சில் புரோ 11,900. மூன்றும் சேர்ந்தால் 1,75,700 ரூபாய் ஆகிறது. அதே எம்4 சிப்புடன் 2025 மார்ச்சில் வந்த மேக்புக் ஏரின் தொடக்க விலை அப்போது 99,900 ரூபாய்தான். அதில் நினைவகம் 16 ஜிபி. இந்த ஐபேடில் 8 ஜிபி. இணைய உலாவலுக்கு மேக்புக் ஏர் 15 மணி நேரம் தாங்கும் என்றும் ஐபேட் 10 மணி நேரம் தாங்கும் என்றும் ஆப்பிளே குறிப்பிடுகிறது. மடிக்கணினியைப் போலப் பயன்படுத்துவதற்காக ஐபேடும் விசைப்பலகையும் வாங்குகிறவர், முக்கால் பங்குக் கணினிக்கு ஒன்றரைப் பங்குக்கும் மேலான விலை கொடுக்கிறார்.

ஆகவே என் அளவுகோல் எளிமையானது. ஒரு வேலை நாளில் விசைப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையைக் கையில் பிடித்திருக்கும் நேரம் பாதிக்கு மேல் இருக்குமானால், அதாவது படிப்பதும் குறியிடுவதும் வரைவதுமே உங்கள் தொழில் என்றால், இது மடிக்கணினியின் இடத்தைப் பிடிக்கும். எஞ்சிய தட்டச்சு வேலையையும் கௌரவமாகச் செய்து முடிக்கும். விசைப்பலகை எப்போதும் ஒட்டியே இருக்கும் என்றால் மடிக்கணினியே வாங்குங்கள். ஓவியர்கள், ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துத் தள்ளும் பேராசிரியர்கள் போன்றோர் முதல் வகை. கணக்கர்கள், அச்சக வடிவமைப்பாளர்கள், அரசு இணையதளங்களோடு நாள்தோறும் மன்றாடுபவர்கள் இரண்டாம் வகை.

மாற்றுக் கருவிகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2014இல் சர்ஃபேஸ் புரோ 3ஐ மடிக்கணினிக்கு மாற்றான டேப்லெட் என்றே விளம்பரப்படுத்தியது. அந்த வரிசையில் முழுமையான விண்டோஸ் இயங்குவதால் மேலே சொன்ன மென்பொருள் தடைகள் பெரும்பாலும் இல்லை. ஆயினும் 2024 முதல் வரும் ஸ்னாப்டிராகன் சிப் கொண்டவற்றை வாங்கும் முன், உங்கள் பழைய அச்சுப்பொறிக்கும் டோக்கனுக்கும் அந்தச் சிப்புக்கு ஏற்ற டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விரலால் தொட்டுப் பயன்படுத்த விண்டோஸ் இன்னும் வசதியாக இல்லை. சாம்சங்கின் 14.6 அங்குல டேப் எஸ்10 அல்ட்ரா பேனாவைப் பெட்டியிலேயே தருகிறது, மெமரி கார்டும் ஏற்கும். ஆனால் பல ஆண்ட்ராய்டு செயலிகள் கைபேசித் திரையை இழுத்து நீட்டியவை போலவே தோன்றுகின்றன.

ஐபேடே வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் புரோவுக்குப் போகும் முன் 13 அங்குல ஐபேட் ஏரைக் கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஓஎல்இடி வகைத் திரையும், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்) வழுவழுப்பும் அதில் இல்லை, சற்றுத் தடிமனும் கூடுதல். ஆனால் பக்கம் அதே அளவில்தான் தெரியும், அதே பென்சில் புரோதான் வேலை செய்யும். அறிமுக விலை 79,900 ரூபாய். மெய்ப்புப் பார்க்கவும் படிக்கவும் அதுவே தாராளம். மிஞ்சும் ஐம்பதாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வீட்டில் வைத்துக்கொள்ள எளிய விண்டோஸ் மடிக்கணினி ஒன்றும் வாங்கிவிடலாம்.