சொல்லிக் கோடு போடுவதா, சொல்லாமல் விலகுவதா?

சக ஊழியர் ஒருவர் தம் வேலையில் ஒரு பங்கை நாள்தோறும் நம் மேசைக்கு நகர்த்துகிறார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அலுவலகச் சந்தேகம் கேட்கிறார். மூன்றாமவர் தம் வீட்டுச் சிக்கலைக் கொட்டிவிட்டு நம்முடையதையும் எதிர்பார்க்கிறார். இவர்களிடம் எல்லை வகுக்க மூன்று வழிகள் உண்டு: விதியைத் துணைக்கு அழைப்பது, நடத்தையால் உணர்த்துவது, வாய்விட்டுச் சொல்வது.

விதியின் வீச்சு குறுகியது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பின் மின்னஞ்சலிலிருந்தும் அழைப்பிலிருந்தும் விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், சிறு நிறுவனங்களில் ஓராண்டு கழித்து, அத்தகைய தொடர்புக்குப் பதிலளிக்க ஊழியர் மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்பதால், அழைத்த காரணம், ஊழியரின் பொறுப்பு, கூடுதல் நேரத்துக்கான ஊதியம், குடும்பச் சூழல் ஆகியவை எடைபோடப்படும். மேலதிகாரியிடம் மறுப்புச் சொல்லத் தயங்குபவருக்கு இது பெரிய துணைதான். எனினும் இச்சட்டங்கள் காவல் காப்பது கடிகாரத்தை மட்டுமே. பகல் பதினொரு மணிக்கு நம் மேசைக்கு வந்து சேரும் அடுத்தவர் கோப்புகளை அவை தடுக்கப் போவதில்லை.

நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியை. இரவுச் செய்திக்கு அது போதும்: ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில்தான் பதில் வரும் என்றால், கேட்பவர் தாமாகவே பகலுக்கு மாறிவிடுவார். பத்து நாள் மௌனம் காத்துவிட்டுப் பதினோராம் நாள் இரவில் பதிலளிப்பதுதான் ஆபத்து. எப்போதாவது பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட விடாப்பிடியானது.

ஆனால் வேலை நகர்த்துபவரிடம் மௌனம் செல்லாது. முகம் சுளித்துக்கொண்டே முடித்துத் தந்தாலும் அவர் கையில் கிடைப்பது முடிந்த வேலைதான்; சுளிப்பை அவர் கவனித்திருக்கவே மாட்டார். உள்ளே சேர்ந்த எரிச்சல் ஒருநாள் அற்பக் காரணத்தில் வெடிக்கும்போது அவர் மெய்யாகவே திகைத்துப்போகிறார். திகைக்க அவருக்கு உரிமையும் உண்டு, யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லையே.

இங்கே சொல்வதே மேல் என்பது என் தீர்ப்பு. சொல்லும் விதத்தில்தான் வெற்றி இருக்கிறது. "எப்போதும் என் தலையில் கட்டுகிறீர்கள்" என்பது ஆளைப் பற்றிய குற்றச்சாட்டு. அதற்கு மறுப்பும் வாக்குவாதமும் தவிர வேறு பதில் வராது. "இந்த அறிக்கையை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது, வியாழன் காலை அரை மணி நேரம் உடன் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்பது செயலைப் பற்றியது, அதில் மாற்று வழியும் இருக்கிறது. காரணங்களை அடுக்குவது மரியாதை என்று நினைக்கிறோம், ஆனால் குழந்தையை அழைத்துவரப் போக வேண்டும் என்றால் "அப்படியானால் அதற்குப் பிறகு செய்யலாமே" என்று வாசல் திறந்துவிடும். அதனால் காரணம் ஒன்றே போதும். பல நேரங்களில் அதுவும் வேண்டாம். முதல் சில நாள்கள் உறவு சற்று ஆறிப்போகலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் இந்த விலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வேலைப் பங்கீட்டை மேலாளர் வழியே எழுத்தில் பெறுவது பாதுகாப்பானது.

மனம் திறப்பவரிடம் நிலைமை தலைகீழ். கண்கலங்கி நிற்பவரிடம் "இதை என்னிடம் சொல்லாதீர்கள்" என்பது கொடுமை. கேட்டுக்கொள்ளலாம், ஆறுதல் சொல்லலாம், பதிலுக்கு நம் கதையை ஈடாகத் தராமல் இருக்கலாம். அந்த எல்லை சொல்லாமலே புரியும். ஆனால் அவர் பேச்சு அறையில் இல்லாத மற்றொரு சக ஊழியர் பக்கம் திரும்பினால் மௌனம் உடன்பாடாகிவிடும். அப்போது "அவர் இல்லாதபோது இது வேண்டாமே" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பேச்சை வேலைக்குத் திருப்பிவிட வேண்டும்.