சுங்கை சிப்புட் சனிக்கிழமை நிரலாக்க வகுப்பு: 6 வாரம் போய் வந்த அனுபவம்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடைவரிசை மாடியில் நடக்கும் வகுப்பு இது. மாதம் 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இரண்டாவது வாரப் பாடம் ஒன்றுக்கே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

அன்றைக்குச் சின்னச் சின்ன எண்கள் பலவற்றை ஒரே முழு எண்ணுக்குள் அடைப்பது எப்படி என்று பாடம். சார் கணினியைத் தொடவே விடவில்லை, தாளில் 16 கட்டம் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1 பிடிக்கும் ஒரு பிட்) போடச் சொல்லிவிட்டு, பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால் செம்பனை அறுவடைக் கணக்கையே எடுத்துக்கொண்டார். நிரை எண்ணுக்கு 7 கட்டம், குலைக்கு 5, தரத்துக்கு 2, எத்தனையாவது சுற்று என்பதற்கு 2. ஆக 16 பிட், 8 பிட் ஒரு பைட் என்பதால் 2 பைட். வகுப்பில் பயன்படுத்தும் ஆர்டுவீனோ ஊனோ ஆர்3 என்ற சின்னக் கணினிப் பலகையில் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் 1,024 பைட்தான். நான்கையும் தனித்தனி இன்ட்டாக (2 பைட் முழு எண்) வைத்தால் 128 பதிவோடு நிரம்பிவிடும், அடைத்து வைத்தால் 512 பதிவு போகும்.

100ஆம் நிரை, 23 குலை, தரம் 2, சுற்று 1. 100ஐ 9 இடம், 23ஐ 4 இடம், தரத்தை 2 இடம் இடப்பக்கம் தள்ளி, சுற்றையும் சேர்த்து ஆர் (எதிலாவது 1 இருந்தால் அந்தக் கட்டத்தில் 1) போட்டால் 51577. குலை மட்டும் வேண்டுமா, 4 இடம் வலப்பக்கம் தள்ளி 31ஓடு அண்ட் (இரண்டிலும் 1 இருந்தால்தான் 1) போடுங்கள், 23 வந்து நிற்கும். எனக்கோ திரையில் -13959 என்று வந்தது, நிரையைப் பிரித்தால் -28! சார் என் தாளைத்தான் பார்த்தார். "தம்பி, இடக்கோடிக் கட்டம் கழித்தல் குறிக்குப் போயிடுச்சு, அன்சைன்ட் போடுங்க" என்றார், அதாவது கழித்தல் குறியே இல்லாத எண் வகை. அதோடு சரியாகிவிட்டது.

குறையும் உண்டு. அடைப்பதற்கு முன் எல்லையைச் சரிபார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் அதே 100ஆம் நிரைக்கு 32 குலை என்று போட்டுப் பார்த்தேன், 5 கட்டத்தில் 31 வரைதான் இடம் என்பதால் மிஞ்சிய பிட் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவி, 101ஆம் நிரையில் 0 குலை என்று காட்டியது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஒருவருடைய உழைப்பு அப்படியே கணக்கிலிருந்து காணாமல் போகும். இதைக் கட்டாயம் பாடத்தில் சேர்க்க வேண்டும், சாரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம், 12 பேருக்கு 5 பலகைதான்.

படிவம் 4 (16 வயது) பிள்ளைகள்கூடத் தாராளமாகச் சேரலாம். கட்டம் போட்ட நோட்டு மட்டும் நீங்களே எடுத்துப் போங்கள், அங்கே கிடைக்காது.