ஃபார்மட் அடிக்காம வேலைய முடிச்ச காரைக்குடி சர்வீஸ் கடை, 4 ஸ்டார்

பள்ளத்தூர்ல நமக்கு பலகார வியாபாரம். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடைன்னு வெளியூருக்கு பார்சல் போகும், பில்லு போட ஒரு அரதப் பழசான சாஃப்ட்வேர் இருக்கு, அதோட ரேட் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல கெடக்கும். எண்ணெய் வெல ஏறுனதால மனகோலத்த 360ல இருந்து 400 ஆக்கி, நோட்பேட அட்மினிஸ்ட்ரேட்டரா தொறந்து சேவ் பண்ணியாச்சு. திரும்ப தொறந்து பாத்தா 400தான் இருக்கு, பில்லுல மட்டும் 360. ரீஸ்டார்ட் பண்ணாலும் 360. இதுல கூத்து என்னன்னா, எம்மகன் லாகின்ல போனா 400 வருது, ஆனா இந்த வருஷத்து பில்லு ஒண்ணக்கூட காணோம்!

மொதல்ல காட்டுன எடத்துல வைரஸ்னுட்டாக. சாஃப்ட்வேர் ஃபோல்டர காப்பி எடுத்துக்கிட்டு ஃபார்மட் அடிச்சுரலாம்னாக. மனசு ஒப்பல, செக்காலை ரோட்டுப் பக்கம் இருக்கிற இந்த சின்னக் கடைக்கு தூக்கிட்டுப் போயிட்டோம்.

இங்க இருக்கிற தம்பி பொட்டிய கழட்டவே இல்ல. "ஆச்சி, எப்பவாச்சும் சாஃப்ட்வேருக்குள்ளயே ரேட்டு மாத்துனீகளா?"ன்னு ஒரே கேள்வி. ஆமான்னதும் டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் போயி, யூஏசி விர்ச்சுவலைசேஷன்னு ஒரு காலத்த (column) சேத்துக் காட்டுனாப்ல, நம்ம பில்லிங் சாஃப்ட்வேருக்கு நேரா எனேபிள்டுன்னு இருக்கு. அப்புறம் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியா இருக்கிற ஆப்டேட்டாங்கிற ஃபோல்டருக்குள்ள லோக்கல், அதுக்குள்ள விர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு ஃபோல்டர். மறைச்சு வச்ச எடம், சாதாரணமா கண்ணுல படாது. அங்க அதே பேர்ல இன்னொரு ரேட் ஃபைல், தொறந்தா 360!

விஷயம் இதுதான். 2007ல விஸ்டாங்கிற விண்டோஸ் வந்ததுல இருந்தே, நம்ம சாஃப்ட்வேர் கெடக்குற புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள சாதாரணமா எழுத முடியாது. பழைய 32 பிட் சாஃப்ட்வேர் எழுதப் போயி எரர் அடிச்சு நின்னுரக் கூடாதுன்னு விண்டோஸே அந்த யூசருக்கு மட்டும் தனியா ஒரு காப்பி போட்டுக் குடுத்துரும், அதான் அந்த விர்ச்சுவலைசேஷன், அதுக்கப்புறம் அந்த சாஃப்ட்வேர் அந்தக் காப்பியத்தான் படிக்கும். நோட்பேட்ல நாம மாத்துனது ஒரிஜினல. மகன் லாகின்ல காப்பியே கெடயாது, அதான் புது ரேட்டு.

இத விட முக்கியம், பில்லு டேட்டாவும் அந்த ஒளிஞ்ச ஃபோல்டர்லதான் சேந்துக்கிட்டு இருந்திருக்கு. மொதக் கடையில சொன்ன மாதிரி சாஃப்ட்வேர் ஃபோல்டர மட்டும் காப்பி எடுத்து ஃபார்மட் அடிச்சிருந்தா வருஷக் கணக்கு பூரா போயிருக்கும், ஆடிட்டர்கிட்ட என்னத்த சொல்றது? தம்பி ரெண்டு ஃபோல்டரயும் பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு, எது புதுசுன்னு தேதி பாத்து, டி டிரைவ்ல தனி ஃபோல்டர் போட்டு சாஃப்ட்வேரயே அங்க மாத்தி ஷார்ட்கட்டும் வச்சுக் குடுத்தாப்ல. இப்ப எந்த லாகின்ல தொறந்தாலும் ஒரே ரேட்டு, ஒரே பில்லு.

சார்ஜ் 500, ஜிபே எடுத்துக்கிறாக. ஒரு ஸ்டார் கொறச்சது எதுக்குன்னா போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கிறாக, மத்தியானம் ஷட்டர எறக்கிட்டு சாப்புடப் போயிராக, வாசல்ல கார் நிறுத்த எடமும் இல்ல. புது லேப்டாப்பும் விக்கிறாக போல, ஸ்டாக்கு கம்மியாத்தான் தெரிஞ்சுது. ரிப்பேருக்கு தாராளமா போகலாம், காலையிலயே போயிருங்க.