ஹைட்ராலிக் ஆயில் மாற்றியதாக பில் போட்டார்கள்: மினி டிராக்டர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சேலம் பக்கம் மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள், அதிலும் ஏற்காட்டு மலையில் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள், ஹைட்ராலிக் ஆயில் மாற்ற வண்டியைக் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, வடித்த பழைய எண்ணெயை அளக்கச் சொல்லுங்கள். புது பக்கெட்டைத் திறந்து காட்டுவார்கள். அது எதற்கும் சான்று ஆகாது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிக் கோடு வரை எண்ணெய் நிற்பதைக் காட்டுவார்கள். அது இன்னும் மோசம். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஊருக்குள் நல்ல பெயர் எடுத்த ஒரு பட்டறை எனக்குச் செய்த வேலை இது.

எங்களுடையது நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய வண்டி. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே நுழைந்து வர அதைவிடப் பெரியது உதவாது. இந்த வகையில் பெரும்பாலானவற்றில் கியர் பெட்டி, பின் அச்சு, கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட், பிரேக் அனைத்துக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக் தட்டுகள் அந்த எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கும். ஆத்தூர்ப் பக்கம் சமநிலத்தில் மரவள்ளிக்கு உழுகிறவருக்கு எண்ணெய் சரியில்லை என்றால் முதலில் லிப்ட் சோம்பும். வேலை கொஞ்சம் தாமதமாகும். எங்களுக்கோ டிரெய்லர் நிறையக் காப்பிப் பழ மூட்டைகளோடு சரிவில் இறங்க வேண்டும். ஆகவே இதை வெறும் பண நஷ்டமாக என்னால் எழுத முடியவில்லை.

மழை ஓயும் தறுவாயில், காப்பி அறுவடை தொடங்குமுன் எண்ணெயை மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். மலையில் ஈரம் அதிகம். பகலில் சூடான கியர் பெட்டி இரவில் ஆறும்போது மூச்சுத் துளை வழியாகப் பனிக்காற்றை உள்ளே இழுக்கும். அது நீராகப் படிந்து எண்ணெயோடு கலக்கும். இந்த முறை டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வந்தது. பட்டறைக்குப் பேசினேன். "மேலே ஆள் அனுப்ப முடியாது, வண்டியைக் கீழே இறக்கிவிடுங்கள் ஐயா" என்றார்கள். டெம்போ பிடித்துக் குப்பனூர் வழியாக இறக்கினோம். அந்த வாடகையே தனிக் கணக்கு.

மாலையில் வண்டி தயார் என்றார்கள். பில்லில் 22 லிட்டர் எண்ணெய், ஃபில்டர் இரண்டு, வாஷர், கூலி. பில் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. எண்ணெய்க்கு நேராக 'ஹைட். ஆயில்' என்று இருந்ததே தவிர, எந்த நிறுவனம், எந்தத் தரம் என்று ஒரு சொல் இல்லை. பழைய ஃபில்டர்கள் எங்கே என்று டிரைவர் கேட்டதற்கு, குப்பை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது என்று பதில். எந்த ஊர்க் குப்பை வண்டி எண்ணெய் சொட்டும் இரும்பு டப்பாவை மாலை நேரத்தில் வந்து வாங்கிப் போகிறதோ தெரியவில்லை.

முதலில் காட்டிக் கொடுத்தது பிரேக். "மிதித்தால் கத்துகிறது ஐயா, காலுக்குக் கீழே நடுங்குகிறது" என்று டிரைவர் வந்து நின்றார். அடுத்து, லிப்டுக்கு எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பிலிருந்து ஓர் ஊளைச் சத்தம். லிப்ட் உதறி உதறி இறங்கியது. பட்டறைக்குச் சொன்னால், "மலைக் குளிருக்கு ஆயில் கெட்டிப்படும், அப்படித்தான் சத்தம் வரும்" என்றார்கள். இந்தச் சமாதானத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இதைக் கேட்டு அடங்கிவிடுகிறார்கள். மார்கழிக் காலையில் எண்ணெய் தடித்திருக்கும், பம்ப் முனகும், உண்மைதான். ஆனால் கால் மணி நேரம் ஓடிச் சூடேறினால் அது அடங்க வேண்டும். எங்கள் வண்டி நண்பகலிலும் ஊளையிட்டது, டிப்ஸ்டிக்கில் நுரை வேறு. நுரை என்றால் பெரும்பாலும் எங்கோ காற்றை இழுக்கிறது என்று பொருள். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாழப்பாடியிலிருந்து பழைய மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். பாக்குத் தோப்புகளில் ஓடும் சின்ன வண்டிகளையே பழுது பார்த்து வயதானவர். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். இந்த வண்டிக்கு அடியில் வடிக்கும் போல்ட் மூன்று: நடுவில் ஒன்று, பின் அச்சின் இரு பக்கமும் ஒவ்வொன்று. நடு போல்ட்டின் முகத்தில் ஸ்பேனர் பட்ட தடம் பளபளத்தது. பக்கத்துப் போல்ட்டுகள் இரண்டின் தலையிலும் எங்கள் தோட்டத்துச் செம்மண் கெட்டியாக அப்பியிருந்தது. அதன் மேல் பாசி படர ஆரம்பித்திருந்தது. அவற்றை யாரும் தொட்டே இருக்கவில்லை.

நடு போல்ட்டைக் கழற்றினார். 15 லிட்டர் அளவுக்கு இறங்கி நின்றுவிட்டது. பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர். பின்னாலேயே கறுத்த கசடு. இரண்டு பக்கமும் சேர்த்து மீதி ஏழு லிட்டர் அதுதான். கணக்கு புரிகிறதா? நடுவில் மட்டும் வடித்து, வடித்த அளவுக்கு மட்டும் ஊற்றினால் டிப்ஸ்டிக்கில் கோடு சரியாக வரும். மிச்சத்தைப் பழைய எண்ணெயே நிரப்பிக்கொள்ளும். 22 லிட்டருக்குப் பணம் வாங்கிவிட்டு ஏழு லிட்டரைக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு டிப்ஸ்டிக்கையும் தைரியமாகக் காட்டலாம். உள்ளே இருந்த தண்ணீர் புது எண்ணெயையும் ஒரு வாரத்துக்குள் வெளுக்க வைத்தது.

ஃபில்டர் கதை இதைவிட அழகு. வெளியே திருகி மாட்டும் ஃபில்டர் புது வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. பெரியவர் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார். வளையத்தின் விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்ட் தெறித்திருந்தது. எந்தத் தொழிற்சாலை ரப்பருக்குப் பெயிண்ட் அடிக்கிறது? நகத்தால் சுரண்டினார். கீழே நீல மையில் ஓர் எண். போன முறை ஃபில்டர் மாற்றியபோது மீட்டரில் இருந்த மணிக் கணக்கை எங்கள் டிரைவரே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தது! கழற்றி, பெயிண்ட் அடித்து, அதையே திரும்ப மாட்டி, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். மாட்டும்போது வளையத்துக்கு எண்ணெய் தடவாமல் முறுக்கியதில் அது ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. காற்று நுழைந்த வழி அதுதான். இரண்டாவது, உள்ளே இருக்கும் கம்பிவலைச் சல்லடை. அதன் மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. வலை முழுக்கப் பழைய கேஸ்கெட் துணுக்கும் கசடும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மாவு போலச் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது; அது எல்லா வண்டியிலும் வருவது, பயப்பட வேண்டாம் என்றார். செதில் செதிலாக உலோகம் ஒட்டினால்தான் கவலை. அந்த மட்டும் தப்பித்தோம்.

பிரேக் கத்தியதற்குக் காரணம் எண்ணெயின் தரம். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு டிராக்டர்களுக்கென்றே வரும் யூ.டி.டி.ஓ. (யுனிவர்சல் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்) வகை எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பிரேக் தட்டுகள் உராயும்போது அதிராமல் பிடிக்க அதில் தனி மருந்து சேர்த்திருப்பார்கள். பிரஸ்ஸுக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஊற்றும் சாதாரண 68 நம்பர் ஹைட்ராலிக் எண்ணெயில் அது கிடையாது. பட்டறை எதை ஊற்றியது என்று சீட்டில் இல்லை. ஆனால் மூன்று போல்ட்டையும் கழற்றி முழுதும் வடித்து, சல்லடையைக் கழுவி, புது ஃபில்டர் மாட்டி, கையேடு சொல்லும் எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓட்டி லிப்டைச் சிலமுறை ஏற்றி இறக்கி, திரும்ப அளவு பார்த்துக் குறைந்ததை நிரப்பியபின், பிரேக் கத்துவதை நிறுத்திவிட்டது. ஊளையும் போய்விட்டது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். முதலாளி ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாடகை டிப்பர் டிரெய்லர் ஏதாவது மாட்டியிருப்பீர்கள், அதிலிருந்து அழுக்கு ஆயில் வண்டிக்குள் வந்திருக்கும்" என்றார். அப்படி வருவது உண்டு. டிப்பர் தொட்டியைத் தூக்குவது குழாய் வழியே போகும் நம் வண்டி எண்ணெய்தான்; ஊரெல்லாம் சுற்றும் டிரெய்லரின் எண்ணெய் நம் வண்டிக்குள்தான் திரும்புகிறது. குழாய் மாட்டுமுன் முனையைத் துடைப்பது நல்ல பழக்கம். ஆனால் டிரெய்லர் ஃபில்டருக்குப் பெயிண்ட் அடிக்காது என்று சொன்னேன். "பையன் செய்திருப்பான், கூலியைக் கழித்துத் தருகிறேன்" என்றார். வாங்கவில்லை.

விவசாயிக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை, அது வியாபாரம் என்று அங்கே ஒருவர் என்னைப் பயமுறுத்தப் பார்த்தார். தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. குறை நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். சேலம் மாவட்ட ஆணையத்துக்கான மனுவும் தயார். கையில் உருப்படியான பில் இருந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஜி.எஸ்.டி. பில்லில் எண்ணெயின் பெயர், தரம், லிட்டர், ஃபில்டரின் பாக எண் இவ்வளவும் எழுதாமல் பணம் எண்ணாதீர்கள். பக்கெட்டின் சீலை நீங்களே உடையுங்கள். உங்கள் வண்டிக்கு வடிக்கும் போல்ட் எத்தனை என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒன்றே உள்ள மாடலும் உண்டு. பழைய ஃபில்டரில் ஒரு கோடு கிழித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள், மாற்றியபின் அதைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

பட்டறையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். மனு முடியும்வரை சொல்வதாக இல்லை. சல்லடையில் எடுத்த கசடும் அந்த வெள்ளை ஃபில்டரும் சீல் வைத்து என்னிடம் இருக்கின்றன.