டிவிடியில் வேண்டாததை வெட்ட: அவிடெமக்ஸா, ஷாட்கட்டா?

பழைய கேம்கார்டர் பதிவுகள் மூன்று டிவிடிகளில் கிடந்தன. ஒன்றில் கேமராவை அணைக்க மறந்து, ஒன்பது நிமிடம் தரையையே படம் பிடித்திருக்கிறேன். (தரை தெளிவாகத்தான் வந்திருக்கிறது.) அதைத் தூக்க இரண்டு இலவச மென்பொருள்களையும் போட்டுப் பார்த்து, கடைசியில் அவிடெமக்ஸிலேயே தங்கிவிட்டேன்.

எதில் வெட்டினாலும் வட்டின் மேலேயே வெட்ட முடியாது. அதிலுள்ள விஓபி (படமும் ஒலியும் இருக்கும் .VOB) ஃபைல்களை ஹார்ட் டிஸ்குக்கு காப்பி செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டுதுண்டாக இருக்கும். பெயர் 0 என்று முடிவது மெனு. படம் 1-இல்தான் தொடங்கும்.

ஷாட்கட் முழு எடிட்டர். தலைப்பு போடலாம், காட்சியை மங்கவிடலாம், எந்த ஃப்ரேமிலும் வெட்டலாம். இரண்டு பதிவுகளைக் கலந்து புதிதாக ஒன்று செய்யப் போகிறீர்கள் என்றால் அதுதான் சரி. எனக்கு ஒன்பது நிமிடத் தரை போனால் போதும்.

இங்கேதான் விஷயம். ஷாட்கட் படத்தை வெளியே எடுக்கும்போது, நீங்கள் தொடாத பகுதியையும் சேர்த்து முழுவதையும் மறுபடி என்கோடு செய்கிறது, அதாவது புதிதாக நசுக்கிச் சேமிக்கிறது. டிவிடியில் இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2 என்ற முறையில் நசுக்கிய படம். இன்னொரு முறை நசுக்கினால் தரம் இன்னும் கொஞ்சம் போகும். அதோடு கேம்கார்டர் பதிவு பெரும்பாலும் இன்டர்லேஸ்டு: நொடிக்கு 25 ஃப்ரேம் என்றாலும் உள்ளே 50 அரைப்படங்கள். அமைப்பைக் கவனிக்காமல் ப்ரோக்ரெஸிவாக (அரைப்படங்கள் இல்லாமல் முழு ஃப்ரேம்களாக) மாற்றினால் அசைவின் வழவழப்பு போய்விடும். என் முதல் முயற்சியில் ஓடும் குழந்தை விட்டுவிட்டு நகர்ந்தது. மறுபடி எடுக்க வழியில்லாத பதிவு அது.

அவிடெமக்ஸில் வீடியோ, ஆடியோ இரண்டையும் ‘காப்பி’யில் வைத்தால் என்கோடே கிடையாது. ஏ, பி என்று இரண்டு குறி, நடுவில் இருப்பதை டெலீட், சேவ். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. வெட்டுக்குப் பின் படம் தொடரும் இடம் கீஃப்ரேமாக, அதாவது பக்கத்து ஃப்ரேம்களை நம்பாமல் தானே முழுப் படமாக இருக்கும் ஃப்ரேமாக இருக்க வேண்டும். நடுவில் தொடங்கினால் கட்டம் கட்டமாகச் சிதறும். மேல், கீழ் அம்புக்குறிகள் கீஃப்ரேமுக்குக் கீஃப்ரேம் தாவும், கீழே ‘ஐ’ என்று காட்டும். பால் (PAL, நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோ முறை) டிவிடியில் இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவே அதிகம் போனால் 15 ஃப்ரேம், அதாவது 0.6 நொடி. வீட்டுப் பதிவில் அரை நொடி முன்னே பின்னே போனால் யாருக்குத் தெரியும்? பேச்சின் நடுவே, ஒரு சொல்லை மட்டும் வெட்டுவதென்றால் கதை வேறு. அப்போது ஷாட்கட்டுக்குத்தான் போக வேண்டும்.

பழைய மெனு இரண்டிலும் தங்காது. டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருளில் புது மெனு செய்து வட்டாக்கினேன். அங்கே ஜாக்கிரதை: வீடியோவுக்கு ‘காப்பி’யைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவும் என்கோடு செய்துவிடும், இவ்வளவு பாடும் வீண்.

நான் வெட்டியது இந்த மூன்று வட்டுகள்தான், எல்லாமே பால். ஒரே ஓர் ஒட்டில் ஒலி லேசாகத் திக்குகிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.