சமையல் சாகேயைக் குடிக்கும் சாகே என்று விற்றுவிட்டார்கள், 9,800 யென் போச்சு

நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஜப்பானில் இருப்பவர்கள், அதிலும் கான்ஜி (ஜப்பானியச் சித்திர எழுத்து) சரியாகப் படிக்க வராதவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெரியவருக்கு 77 வயது. இங்கே அதை ‘கிஜு’ என்று விசேஷமாகக் கொண்டாடுவார்கள். நாங்கள் டோக்கியோவின் நிஷி-கசாய்க்கு வந்த புதிதில், எந்தக் குப்பையை எந்தக் கிழமை வைப்பது என்று வாசலில் நின்று சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருக்காக, யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய ஒரு ஆன்லைன் தளத்தில் மூன்று பாட்டில் சாகே, அதாவது ஜப்பானிய அரிசி மது, வாங்கினேன். 9,800 யென்.

‘ஜுன்மாய்’ என்றால் வேறு ஆல்கஹால் சேர்க்காமல் அரிசியில் மட்டும் செய்த சாகே. பணம் கட்டும் முன் கேட்டேன்: “ஜுன்மாய்தானே? வயதில் பெரியவருக்குப் பரிசு.” ஐந்து நிமிடத்தில் பதில்: “ஆமாம், அரிசியில் செய்தது. பரிசுத் தாளில் சுற்றியே அனுப்புகிறேன்.” எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். சுற்றி வந்ததைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன்.

பெரியவர் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எதுவும் சொல்லவில்லை. நானும் குடித்தேன். உப்புக் கரித்தது. அவர் மனைவி பாட்டிலைத் திருப்பி ஒரு பொடி எழுத்தில் விரல் வைத்தார்: ‘ஷொகுஎன்’. உப்பு! முன்பக்கம் ‘ஜுன்மாய்’ என்று கொட்டை எழுத்து, அதன் கீழே சின்னதாக ‘ரியோரிஷு’. சமையல் சாகே.

அந்த அம்மாதான் விளக்கினார். இதிலும் 13, 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. ஆனால் குடிக்க முடியாதபடி 100 மில்லிக்கு 2, 3 கிராம் உப்பு சேர்த்துவிடுவார்கள். அதனால் மது வரி கிடையாது, விற்க மது உரிமமும் வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் சோயா சாஸ் பக்கத்தில் சில நூறு யென்னுக்குக் கிடைக்கிற பொருளுக்கு நான் கொடுத்தது 9,800 யென். வாங்கும்போது 20 வயது ஆகிவிட்டதா என்று தளம் கேட்கவே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டால், “படத்தில் இருந்ததைத்தானே அனுப்பினேன்” என்கிறார். தளத்தில் கேட்டால், “பெற்றுக்கொண்டதாக உறுதி செய்துவிட்டீர்கள், பாட்டிலையும் திறந்துவிட்டீர்கள், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.” திரும்ப எழுதினால் அதே வரி. விற்றவர் இப்போது பதிலே போடுவதில்லை.

சரி, அவசரமாக இரண்டு வார்த்தை. குடிக்கும் சாகே என்றால் லேபிளில் ‘நிஹோன்ஷு’ அல்லது ‘ஸெய்ஷு’ என்று இருக்கும். ஜுன்மாய் என்றால் சேர்மானத்தில் அரிசியும் அரிசிக் கோஜியும் (பூஞ்சை வளர்த்த அரிசி) மட்டும்தான். ‘ஜுன்மாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள், சமையல் சாகேயிலும் அதைப் போடுகிறார்கள். பின்பக்கப் படம் கேளுங்கள். பிரித்துப் பார்க்காமல் ‘பெற்றுக்கொண்டேன்’ பொத்தானை அழுத்தாதீர்கள். இங்கே ஆன்லைனில் வாங்கியதற்கு ‘கூலிங் ஆஃப்’, அதாவது வாங்கியபின் சில நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை கிடையாது. நுகர்வோர் உதவி எண் 188. நாளை காலை முதல் வேலையாக அங்கேதான் அழைக்கப் போகிறேன்.