மருத்துவ அலட்சியத்துக்கு இழப்பீடு: நுகர்வோர் ஆணையமா, உரிமையியல் நீதிமன்றமா?

இழப்பீடு கோருவோர் முதலில் பார்க்க வேண்டியது, சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்தப்பட்டதா என்பதையே. அனைவருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துள்ளது.

செலவு: ஆணையத்தில், சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. நீதிமன்றத்தில், கோரும் தொகைக்கேற்பக் கட்டணம் உயரும்.

காலக்கெடு: ஆணையத்தில் 2 ஆண்டுகள், தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுத்துக்கொள்ளப்படலாம். உரிமையியல் வழக்கில் அந்தச் சலுகை கிடையாது.

எளிமை: ஆணையத்தில் வழக்கறிஞரின்றித் தாமே வாதிடலாம். ஆனால், சிகிச்சை ஆவணங்கள் கைவசம் இல்லையெனில் இரண்டு இடங்களிலும் அலட்சியத்தை நிரூபிப்பது கடினம்; அவற்றைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவர்களுக்கு ஆணையமே பொருத்தமானது. அனைவருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களும், பல சாட்சிகளை விரிவாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவர்களும் நீதிமன்றத்தை நாடுவதே சரி.